காலாண்டு விடுமுறையும் வில்டபீஸ்ட் கூட்டமும்

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணே, வர்ற மே மாசம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஆப்பிரிக்கா போகலாம்னு இருக்கோம். மிருகமெல்லாம் கூட்டங்கூட்டமா ஆத்தத் தாண்டுமே, அதப் பாக்கணும். ஏஜெண்டு ஒருத்தரு கொட்டேஷன் அனுப்பியிருக்காரு, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றாள். அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். மே மாதம் இரண்டாம் வாரம், கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று இரவுகள். முதல் பக்கத்தில் ஆற்றுக்குள் பாயும் வில்டபீஸ்ட் (மாட்டைப் போன்ற உடலுள்ள ஒரு பெரிய மான் இனம்) கூட்டத்தின் பெரிய படம். 2018ஆம் ஆண்டு அதே வாரத்தில் அதே இடத்துக்கு, ஏறக்குறைய அதே போன்ற ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நான் என் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் போயிருந்தேன். தொலைபேசியில் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. பள்ளி விடுமுறையைக் கையில் வைத்துக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் திட்டமிடும் வேறு சிலருக்கும் பயன்படும் என்பதால், முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த மே மாதத்தில் மாரா முழுவதும் இடுப்பளவு புல் வளர்ந்து பச்சைப்பசேலென்று இருந்தது. சிங்கங்களைப் பார்த்தோம், யானைக் கூட்டங்களைப் பார்த்தோம், ஒட்டகச்சிவிங்கிகள் சாலையோரத்து வேல மரங்களில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் வில்டபீஸ்ட் என்று பார்த்தவை ஆங்காங்கே நின்ற சில நூறுதான். இரண்டாம் நாள் மாலை அரை மணி நேரம் பெய்த மழையில் எங்கள் வண்டியின் நான்கு சக்கரங்களும் அச்சு வரை புதைந்தன. அங்கே இருப்பது கறுப்புக் களிமண். கோவில்பட்டிக்காரனான எனக்கு அந்த மண்ணை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இறங்கி ஓர் அடி வைத்ததும் செருப்போடு சேர்ந்து ஒரு கிலோ மண் காலில் ஏறிக்கொண்டது. நம் ஊர்க் கரிசலேதான். ஓட்டுநர் மரக்கிளைகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுப் பார்த்தார், மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தார். கடைசியில் வேறொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. முகாமுக்குத் திரும்பும் வழியில் என் மகள், "அந்தக் கூட்டமெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியது என் பிழை. "இடப்பெயர்ச்சி ஆண்டு முழுவதும் நடக்கும்" என்று மட்டும் சொல்லி எங்களை அனுப்பிவைத்த முகவரின் பிழையும் அதில் உண்டு. அவர் சொன்னது பொய்யில்லை. ஆண்டு முழுவதும் அது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நாங்கள் மாராவில் மழையில் நின்ற அந்த வாரத்தில், கூட்டம் தெற்கே நெடுந்தொலைவில், தான்சானியாவின் செரங்கெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது.

அது ஏன் அங்கே இருந்தது என்று புரிந்துகொள்ள மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். சூரியன் வடக்கும் தெற்குமாக நகரும்போது அதைப் பின்தொடர்ந்து மழை மேகப் பட்டை ஒன்றும் நிலநடுக்கோட்டைத் தாண்டி மேலும் கீழும் போய்வருகிறது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளைத் தருவதிலும் இதே நகர்வுக்குப் பங்குண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய கென்யாவையும் வட தான்சானியாவையும் அந்தப் பட்டை ஆண்டுக்கு இருமுறை கடப்பதால் அங்கேயும் இரண்டு மழைக்காலங்கள். மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழையைச் சுவாஹிலியில் மசிகா என்றும், நவம்பர், டிசம்பர் வாக்கில் பெய்யும் சிறுமழையை வுலி என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்கு இடையில் ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வறட்சி. ஜனவரி, பிப்ரவரியில் விட்டுவிட்டுத் தூறும் ஒரு சிறிய இடைவெளி. தமிழ்நாட்டின் முழு ஆண்டு விடுமுறை அந்தப் பெருமழையின் நடுவில் போய் விழுகிறது என்பதை நம் ஊர்க் குடும்பங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள செரங்கெட்டி தேசியப் பூங்காவில் மழை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. தென்கிழக்குச் சமவெளிகள் கோரோங்கோரோ மலைகளின் மழை மறைவில் இருப்பதால் அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். வடமேற்குப் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அப்படியானால் விலங்குகள் பேசாமல் வடக்கிலேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். தெற்குச் சமவெளியின் மண், பக்கத்து எரிமலைகள் காலங்காலமாகக் கொட்டிய சாம்பலால் ஆனது. அதில் முளைக்கும் குட்டைப்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. சினையான தாய்க்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அந்தப் புல்தான் வேண்டும். தவிர, குட்டைப்புல்லில் எதிரி வருவது தொலைவிலேயே தெரியும். ஆனால் அங்கே வற்றாத ஆறு கிடையாது. மழை நின்றால் புல் காய்ந்து, தேங்கிய நீரும் உவர்ப்பாகிவிடும். அப்போது வடக்கே போயாக வேண்டும். செரங்கெட்டி, மாராப் பரப்பில் கோடையிலும் நிற்காமல் ஓடும் ஆறு மாரா ஒன்றுதான். ஆக, சத்துக்காகத் தெற்கு, தண்ணீருக்காக வடக்கு. நம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் மழையையும் அறுவடையையும் பார்த்து மாவட்டம் மாவட்டமாக ஆட்டுக்கிடையை நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இங்கே கீதாரி இல்லை; வானம் எங்கே இருண்டிருக்கிறதோ அந்தத் திக்கில் கூட்டம் தானே நடக்கிறது.

கூட்டம் என்று சொன்னால் ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட், 2 லட்சத்துக்கு மேற்பட்ட வரிக்குதிரை, இவற்றுடன் லட்சக்கணக்கான தாம்சன் மான்கள். வரிக்குதிரை உயர்ந்த முரட்டுத் தண்டைக் கடித்துப் பாதை திறக்க, அடியில் இருக்கும் இலையை வில்டபீஸ்ட் மேய, அதன்பின் துளிர்க்கும் இளந்தளிரைச் சிறு மான்கள் மேய்கின்றன. இந்த எண்ணிக்கை எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் கிராமங்களில் மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் 1890 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவி, கால்நடையோடு காட்டு விலங்குகளையும் அழித்தது. 1960களின் தொடக்கத்தில் செரங்கெட்டியில் இருந்த வில்டபீஸ்ட் ஏறத்தாழ இரண்டரை லட்சம்தான். சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் காட்டிலும் நோய் நின்றது; 1977க்குள் எண்ணிக்கை 13 லட்சமாக உயர்ந்தது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மாட்டுக்குப் போட்ட ஊசியால் ஒரு காடே மீண்டெழுந்த இந்த வரலாறு, கூட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொண்டு போக வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

இனி நம் பள்ளி நாட்காட்டிக்கு வருகிறேன். மே மாதம்தான் முடியும் என்பவர்கள் மாராவை மறந்துவிட்டு, மாத இறுதியில், செரங்கெட்டியின் நடுப்பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் போகலாம். பெருமழை தளர்ந்து, கூட்டம் நீண்ட வரிசைகளாக க்ருமெட்டி ஆற்றுப் பக்கம் நகரும் நேரம் அது. இணைசேரும் பருவமும் அப்போதுதான். கிடாக்கள் ஒன்றையொன்று முட்டித் துரத்திக்கொண்டு ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். கட்டணம் குறைவு, வண்டிகளும் குறைவு. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பல முகாம்கள் மூடியிருக்கும், மேற்குப் பகுதியிலும் இதே கரிசல் மண்தான், செட்சி ஈக்களின் கடியும் உண்டு. நீல நிறமும் கறுப்பு நிறமும் அந்த ஈயை ஈர்க்கும் என்பதால் காக்கியோ வெளிர் பழுப்போ உடுத்துவது நல்லது. ஏப்ரலையும் மே முதல் பாதியையும் எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2024இல் மே மாதத் தொடக்கத்தில் மாராவில் ஆறு பெருகிப் பல முகாம்கள் மூழ்கி, பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று.

என் தங்கை பார்க்க விரும்பும் ஆற்றுக் கடப்பு நடப்பது ஜூலை பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரை. அந்தக் காலத்தில் நமக்குக் கிடைப்பது செப்டம்பர் கடைசியில் தொடங்கும் காலாண்டு விடுமுறை. ஒன்பது நாள் கிடைத்தாலே போதும். கூட்டம் அப்போது மாரா ஆற்றின் இரு கரைகளிலுமாகப் பரவியிருக்கும். மழை குறைவு, புல் தாழ்ந்திருக்கும், மற்ற விலங்குகளையும் எளிதில் காணலாம். ஆற்றை ஒருமுறை கடந்தால் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கோ மழை பெய்து புல் துளிர்த்தால், நேற்றுக் கடந்த அதே கூட்டம் இன்று திரும்பவும் கடக்கும். கரைக்கு வந்து ஆயிரக்கணக்கில் மணிக்கணக்காக நின்றுவிட்டு, ஒரு வரிக்குதிரை தயங்கிப் பின்வாங்கியதும் மொத்தமாகத் திரும்பிப் போவதும் உண்டு. ஆகவே ஓர் இரவுத் தங்கலில் அதைப் பார்த்துவிடலாம் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆற்றுக்கு அருகில் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு இரவுகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஆறு கென்யாவுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நம் ஊர் முகவர்கள் சொல்வதில்லை. மாவ் காடுகளில் பிறந்து விக்டோரியா ஏரியில் கலக்கும் முன் அது வட செரங்கெட்டி வழியாகவும் ஓடுகிறது. அங்கே கோகாடெண்டே பகுதியிலும் கடப்புத் துறைகள் இருக்கின்றன. கூட்டத்தின் பெரும்பங்கு அந்தப் பருவத்தில் தான்சானியாப் பக்கமே தங்கிவிடுவதும் உண்டு. மசாய் மாராவில் வெளிநாட்டவர் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூன் காலத்தில் நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர் என்று வகுத்திருக்கிறார்கள். நால்வர் நான்கு நாள் தங்குவதற்கு இது எவ்வளவு வரும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தில் மாராவும் செரங்கெட்டியும் ஒட்டியிருப்பதால் இரண்டையும் வண்டியிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றும். நேர் எல்லை வழியே பயணிகளை விடுவதில்லை. மேற்கே சுற்றி இசிபானியா சோதனைச்சாவடி வழியாகப் போக வேண்டும், ஒரு பகல் முழுவதும் அதற்கே போய்விடும். ஒன்பது நாள் விடுமுறைக்கு ஒரு நாடு போதும்.

கடப்பைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சராசரியாக 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் அந்த ஆற்றில் மூழ்கிச் சாகின்றன. முதலைகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் மீன்களும் அவற்றால் வாழ்கின்றன. அது ஆற்றின் இயல்பான கணக்கு. ஆனால் நல்ல படம் எடுக்க வேண்டும் என்பதற்காக வண்டிகள் கரையை அடைத்து நிற்பதால் விலங்குகள் வழக்கமான துறையை விட்டுச் செங்குத்தான இடத்தில் குதிக்க நேர்வது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே, "கூட்டம் இறங்கும் வரை தள்ளியே நிற்போம், எங்களுக்குப் படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். பயணி வற்புறுத்துகிறார் என்பதற்காகவே பல ஓட்டுநர்கள் முன்னே போகிறார்கள்.

அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு ஆறு கிடைக்காது, தெற்குச் சமவெளி கிடைக்கும். சிறுமழையில் புல் தளிர்த்து, கூட்டம் அங்கே வந்து சேர்ந்துகொண்டிருக்கும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாகிவிடும் ஆண்டுகளில் சிறுமழை பெருமழையாக மாறுவதும் நடக்கும். 2019இன் கடைசி மாதங்கள் அப்படித்தான் இருந்தன. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கட்டணம் வேறு.

என்னைக் கேட்டால், பள்ளி விடுமுறை என்ற கட்டாயம் இல்லாதவர்கள் போக வேண்டிய மாதம் பிப்ரவரி. முதல் பயணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்து, பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் மனைவியும் மட்டும் தான்சானியாவின் ந்டூட்டுவுக்குப் போனோம். அருஷாவிலிருந்து கோரோங்கோரோ மலையேறி இறங்கினால், செரங்கெட்டியின் தென்கோடியில் இரண்டு உவர் ஏரிகளையும் வேலங்காட்டையும் சுற்றி அந்தச் சமவெளி விரிகிறது. முதல் நாள் காலையில் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் கூட்டம் வந்தது. ஆயிரம் தவளைகளும் ஆயிரம் எருமைகளும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலி நிலத்திலிருந்தே எழும்பியது. எங்கள் ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு, "ந்யும்பு" என்றார். வில்டபீஸ்டுக்குச் சுவாஹிலியில் அதுதான் பெயர். அந்த உறுமலைக் கேட்டபின் அந்தப் பெயரே பொருத்தமாகப்பட்டது.

வண்டிக்கு முப்பது அடி தொலைவில் ஒரு தாய் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. வாலுக்குக் கீழே இரண்டு வெளிறிய குளம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. கடைசியாக ஒருமுறை படுத்து முக்கியதில் கன்று வழுக்கி விழுந்தது, ஈரமாக, மஞ்சள் பழுப்பு நிறத்தில், தாயின் கருஞ்சாம்பல் நிறத்தோடு சிறிதும் ஒட்டாமல். தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே அது முன்னங்கால்களை ஊன்றியது; விழுந்தது; பின்னங்கால்களை மட்டும் தூக்கியது; மறுபடி விழுந்தது. நான்காம் முறை நான்கு கால்களும் அகன்றபடி நின்றது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழு நிமிடம் என்றாள். அரை மணி நேரத்துக்குள் தாயின் விலாவை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு கழுதைப்புலிகள் கூட்டத்தின் ஓரமாக நடக்கத் தொடங்கியிருந்தன. லட்சக்கணக்கான கன்றுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுவதன் காரணம் அங்கே கண்முன் விளங்கியது. எத்தனை கழுதைப்புலிகளும் சிங்கங்களும் இருந்தாலும் அந்தச் சில வாரங்களில் அவற்றால் தின்றுதீர்க்க முடியாது. முந்திப் பிறந்ததும் பிந்திப் பிறந்ததும்தான் எளிதில் இரையாகும். மே இறுதியில் இணைசேர்வதும், எட்டு மாதத்துக்கு மேல் சுமப்பதும், தெற்குப் புல் தளிர்த்திருக்கும் பிப்ரவரியில் ஈனுவதும் ஒரே கோவையில் வருகின்றன. அந்தத் திறந்தவெளியில் சிவிங்கிப்புலிகளையும் நிறையப் பார்த்தோம். நம் செய்தித்தாள்கள் இதையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகின்றன. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கும், பகலில் வெட்டவெளியில் ஓடி வேட்டையாடும் இந்த விலங்கு வேறு. மரத்தில் இரையை ஏற்றிவைக்கும் சிறுத்தை வேறு.

எல்லா இடத்துக்கும் பிப்ரவரி பொருந்தும் என்று சொல்லவில்லை. அதே பயணத்தில் தரங்கிரே பூங்காவுக்கும் போனோம். பெருக்க மரங்கள் இருந்தன, யானைகள் எதிர்பார்த்த அளவு இல்லை. மழைக்காலத்தில் அங்குள்ள விலங்குகள் பூங்காவுக்கு வெளியே பரவிவிடுகின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரைதான் தண்ணீருக்காகத் தரங்கிரே ஆற்றில் வந்து குவிகின்றன. காலாண்டு விடுமுறைக்காரர்கள் அதை வட செரங்கெட்டியோடு சேர்த்துக்கொள்ளலாம். கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் பெரும்பாலான விலங்குகள் ஆண்டு முழுவதும் உள்ளேயே இருப்பதால் எந்த மாதத்திலும் ஏமாற்றாது. கறுப்புக் காண்டாமிருகத்தைக் காணவும் அது நல்ல இடம். ஆனால் அதன் விளிம்பு ஊட்டியைப் போல் உயரமானது. ஜூலையில் மட்டுமின்றிப் பிப்ரவரி இரவிலும் கம்பளி வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் தவறவே கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கென்யாவுக்கு 2024 முதல் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி. தான்சானியாவுக்குத் தனி விசா, கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் பொதுவான விசா அங்கே செல்லாது. பூங்காக்களுக்கு இடையே சிறு விமானத்தில் போவதானால் 15 கிலோ, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகள் இரண்டு நாட்டிலும் தடை. முறுக்கும் புளியோதரைப் பொடியும் டப்பாவில்தான் போக வேண்டும்.

கூட்டத்தோடு சேர்ந்து முகாம்களும் இடம்பெயர்கின்றன என்பதைத் தங்கைக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை ந்டூட்டுவில் நிற்கும் கூடாரங்களைப் பிரித்து, ஜூலையில் வடக்கே ஆற்றோரம் கொண்டுபோய்க் கட்டும் நிறுவனங்கள் பல. அதனால் முகவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அந்த வாரத்தில் உங்கள் முகாம் எந்த இடத்தில் நிற்கும், அங்கிருந்து ஆற்றுக்கு எத்தனை நிமிடம்" என்பதே. இந்த ஒரு கேள்வியைத் தங்கை அந்த ஏஜெண்டிடம் கேட்டாள். இரண்டு நாள் கழித்து, மே மாதம் மாராவில் கடப்பு இருக்காது என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தார்.

மே பயணத்தைக் கைவிட்டாயிற்று. காலாண்டுத் தேர்வு முடிகிற வெள்ளிக்கிழமை இரவே புறப்பட்டு, கோகாடெண்டேயில் நான்கு இரவு, தரங்கிரேயில் இரண்டு இரவு என்று புதிதாக ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். ஆற்றுக் கடப்பை நானும் இதுவரை நேரில் பார்த்ததில்லை என்பதால், அவர்களோடு நாங்களும் சேர்ந்துகொள்கிறோம். 2018இல் அந்தக் கேள்வியைக் கேட்ட என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு அந்த வாரம் விடுப்புக் கிடைக்குமா என்பது மட்டும்தான் இன்னும் உறுதியாகவில்லை.